இசிஇ படித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலை: ஆஸ்திரேலிய விசாவுக்கு ஏசிஎஸ்ஸா, எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியாவா?

கேள்வி இதுதான்: "அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் 2017-இல் பி.இ. இசிஇ முடித்தேன். ஆகஸ்ட் 2017 முதல் ஜூலை 2025 வரை சென்னையில் ஜாவா டெவலப்பர், முழுதாக எட்டு வருடம். 189 அல்லது 190 விசாவுக்கு முயல்கிறேன். படிப்பை ஏசிஎஸ்ஸிடம் மதிப்பிடக் கொடுப்பதா, எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியாவிடமா? எட்டு வருடத்துக்கு 15 பாயின்ட் கிடைக்குமா? ஆபீஸில் வேலை விவரத்தோடு லெட்டர் தர மாட்டோம் என்கிறார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருக்கிறது, மார்க் ஷீட்டில் இனிஷியல்தான். இது பிரச்சினையா?" (புதியவர்களுக்கு: 189, 190 இரண்டும் வயது, படிப்பு, ஆங்கிலம், அனுபவம் ஆகியவற்றுக்குப் பாயின்ட் போட்டு, அதை வைத்து அழைப்பு அனுப்பும் நிரந்தரக் குடியேற்ற விசாக்கள்; 190-க்கு ஒரு மாநிலத்தின் பரிந்துரையும் வேண்டும். ஏசிஎஸ் என்பது ஐடி தொழில்களை மதிப்பிடும் ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி, எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா பொறியியல் தொழில்களை மதிப்பிடும் அமைப்பு.)

15 பாயின்ட்டை இப்போதே மறந்துவிடுங்கள். 5 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், 10 வந்தால் லாபம். எட்டு வருடம் உழைத்தவருக்கு இதைக் கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, ரிசல்ட் லெட்டரைத் திறந்த பிறகுதான் தங்கள் அனுபவத்தில் பாதி காணாமல் போயிருப்பதைப் பார்க்கிறார்கள்.

கனடாவுக்குப் போனவர்களிடம் கேட்டு ஆஸ்திரேலியாவுக்குத் தயாராகாதீர்கள். கனடாவில் வெஸ் போன்ற அமைப்புகள் பார்ப்பது படிப்பை மட்டும்தான். உங்கள் பட்டம் அந்த ஊர்ப் பட்டத்துக்குச் சமமா என்று ஒரு தாள் தருவதோடு அவர்கள் வேலை முடிந்தது. ஆஸ்திரேலியாவில் மதிப்பிடப்படுவது தொழில். நீங்கள் ஒரு ஆறு இலக்கத் தொழில் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். படிப்பும் அனுபவமும் சேர்ந்து அந்தத் தொழிலுக்குப் பொருந்துகின்றனவா என்று அந்தத் தொழிலுக்கென நியமிக்கப்பட்ட அமைப்பு பார்க்கிறது. 261313 சாஃப்ட்வேர் எஞ்சினியர், 261312 டெவலப்பர் புரோகிராமர், 261311 அனலிஸ்ட் புரோகிராமர் எல்லாம் ஏசிஎஸ் வசம். 233411 எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர் எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா வசம். ஆகவே யாரிடம் கொடுப்பது என்பதை உங்கள் பட்டத்தின் பெயர் முடிவு செய்வதில்லை, நீங்கள் எந்தத் தொழிலைச் சொல்லிப் போகிறீர்கள் என்பதுதான் முடிவு செய்கிறது.

இனி ஏசிஎஸ் உங்கள் அனுபவத்தில் வருடங்களை எப்படிக் கழிக்கிறது என்று பார்ப்போம். அவர்கள் உங்கள் மார்க் ஷீட்டைப் பாடம் பாடமாகப் பார்க்கிறார்கள். கணினி சார்ந்த பாடங்கள் போதுமான அளவு இருந்தால் படிப்பை 'மேஜர்' என்றும், ஓரளவே இருந்தால் 'மைனர்' என்றும் வகைப்படுத்துகிறார்கள். மேஜராக இருந்து, அது தேர்ந்தெடுத்த தொழிலோடு நெருங்கியும் இருந்தால், கடந்த பத்து வருடத்துக்குள் இரண்டு வருட அனுபவம் வேண்டும். மேஜர்தான், ஆனால் தொழிலோடு நெருங்கியதல்ல என்றால் நான்கு வருடம். மைனர் என்றால் கடந்த பத்து வருடத்துக்குள் ஐந்து வருடம், அல்லது எந்தக் காலத்தில் பார்த்ததானாலும் மொத்தம் ஆறு வருடம். இந்த வருடங்கள் தகுதி பெறுவதற்கான செலவு. அந்தக் காலம் முடிந்த பிறகு பார்த்த வேலைதான் 'திறன்பெற்ற நிலை' வேலை. ரிசல்ட் லெட்டரில் "இந்த மாதத்துக்குப் பிந்தைய வேலை" என்று ஒரு தேதி போடுவார்கள். குடியேற்றத் துறை பாயின்ட் தரும்போது அந்தத் தேதிக்குப் பின்னால் உள்ள மாதங்களைத்தான் எண்ணும்.

வெளிநாட்டு அனுபவத்துக்கு மூன்று வருடம் இருந்தால் 5 பாயின்ட், ஐந்து இருந்தால் 10, எட்டு இருந்தால் 15. உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள். இரண்டு வருடம் கழிந்தால் மிச்சம் ஆறு, 10 பாயின்ட். நான்கு கழிந்தால் மிச்சம் நான்கு, 5 பாயின்ட். மைனர் என்று வந்து ஐந்து கழிந்தால் மிச்சம் மூன்று, அதற்கும் 5 பாயின்ட்தான், அதுவும் நூலிழையில். ஒரு மாதம் இடைவெளி இருந்தால்கூட அந்த ஐந்தும் போய்விடும். 15 வாங்க எந்த வழியும் இல்லை என்பது இப்போது தெரிகிறதல்லவா?

இசிஇ எந்தக் கூடையில் விழும் என்பதற்கு உங்கள் மார்க் ஷீட்தான் பதில். 2013-17 பேட்ச் பாடத்திட்டத்தில் சி புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், மைக்ரோபிராசசர், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர், கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் போன்றவை உண்டு. ஆன்டெனா, மைக்ரோவேவ், சிக்னல்ஸ், டிரான்ஸ்மிஷன் லைன் எல்லாமும் உண்டு. சாஃப்ட்வேர் எஞ்சினியர் குறியீட்டுக்கு நான்கு வருடக் கழிவை எதிர்பார்த்து இருப்பதே பாதுகாப்பு. இதே மார்க் ஷீட் 263111 கம்ப்யூட்டர் நெட்வொர்க் அண்ட் சிஸ்டம்ஸ் எஞ்சினியர் குறியீட்டுக்கு நெருக்கமாகப் பார்க்கப்பட வாய்ப்பு அதிகம். அதைப் பார்த்து, ஜாவா எழுதுகிற நீங்கள் நெட்வொர்க் எஞ்சினியர் வேடம் போடக் கூடாது. வேலை விவரம் குறியீட்டோடு ஒட்டவில்லை என்றால் கழிவு குறைவதற்குப் பதில் மொத்த அனுபவமும் பூஜ்யமாகிவிடும்.

எலெக்டிவ் பாடங்களை மறக்காதீர்கள். பலர் கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். எல்லா செமஸ்டர் ஷீட்டும், அரியர் இருந்தால் அதை எழுதிப் பாஸான ஷீட்டும் சேர்த்துப் போடுங்கள். அரியர் வைத்தது மதிப்பீட்டில் குறையல்ல. பாஸான ஷீட் இல்லாமல் இருப்பதுதான் குறை. பட்டச் சான்றிதழும் வேண்டும். புரொவிஷனலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கான்வொகேஷன் சான்றிதழை வாங்காமல் விட்டிருந்தால் முதலில் கல்லூரியில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா பக்கம் நிலைமை வேறு. அங்கே தகுதி பெறுவதற்கு வேலை அனுபவமே கட்டாயமில்லை. கல்லூரி புராஜெக்டை வைத்தும் மதிப்பீடு வாங்கலாம். அனுபவத்தில் வருடங்களைக் கழிக்கும் முறையும் அங்கில்லை. இதைக் கேட்டதும் "அப்படியானால் அங்கேயே போய்விடலாமே" என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர் என்று மதிப்பீடு வாங்கினால், அனுபவப் பாயின்ட்டுக்கு எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியராகவோ அதற்கு நெருங்கிய வேலையிலோ இருந்த காலம்தான் எண்ணப்படும். வங்கிக்கு ஜாவா எழுதிய எட்டு வருடம் அதில் சேராது. ஏசிஎஸ் வழியில் 5, இந்த வழியில் 0. அந்த ஐந்து பாயின்ட்டை விட்டுக்கொடுக்கலாமா என்பதுதான் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு.

சில சமயம் விட்டுக்கொடுக்கலாம். அழைப்புகள் தொழில்வாரியாக வருகின்றன. ஒரு மாநிலம் ஒரு சுற்றில் எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியரைக் குறைந்த பாயின்ட்டில் கூப்பிட்டு, சாஃப்ட்வேர் ஆட்களை அதிகப் பாயின்ட்டில் நிறுத்தி வைத்திருக்கலாம். ஆனால் பல மாநிலங்கள் நீங்கள் இப்போது அந்தத் தொழிலில் இருக்கிறீர்களா என்றும் பார்க்கும். அதையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அந்த வழியில் போவதென்றால், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014 ஜூனில் முழு உறுப்பினரானது உங்களுக்குப் பயன்படுமா என்று பாருங்கள். படிப்புகளை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்பிஏவின் 'டயர் 1' அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு மட்டுமே அது செல்லும். டயர் 1 என்பது பெரும்பாலும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் உரியது. சாதாரண இணைப்புக் கல்லூரிக்கு என்பிஏ அங்கீகாரம் இருந்தாலும் அது டயர் 2 ஆகத்தான் இருக்கும், அது ஒப்பந்தத்துக்குள் வராது. கல்லூரி வாசலில் "என்பிஏ அங்கீகாரம் பெற்றது" என்று பலகை இருந்தது போதாது. உங்கள் கிளை, நீங்கள் முடித்த வருடம், டயர் மூன்றும் பொருந்த வேண்டும். இலங்கைப் பொறியாளர்களுக்கும் இதே ஒப்பந்தம் உண்டு. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் அங்கீகரித்த பட்டமா, அந்த அங்கீகாரம் நீங்கள் முடித்த வருடத்தைத் தொடுகிறதா என்று பார்த்தால் போதும்.

ஒப்பந்தத்துக்குள் வராதவர்கள் சிடிஆர், அதாவது தங்கள் பொறியியல் திறனைக் காட்டும் அறிக்கை, எழுத வேண்டும். நீங்கள் செய்த வேலை அல்லது புராஜெக்ட் பற்றி மூன்று 'கரியர் எபிசோட்' கட்டுரைகள், ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 சொற்கள், ஆங்கிலத்தில். பத்திகளுக்கு 1.1, 1.2 என்று எண் போட வேண்டும். பிறகு ஒரு சுருக்க அட்டவணை. அதில் 16 திறன் கூறுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் நீங்கள் எந்தப் பத்தியில் காட்டியிருக்கிறீர்கள் என்று எண்ணைக் குறிக்க வேண்டும். தொழில்முறையாகத் தொடர்ந்து கற்றவற்றுக்கு ஒரு பக்கப் பட்டியலும் சேரும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நான்கு பகுதியிலும் 6 வேண்டும். ஏசிஎஸ் மதிப்பீட்டுக்கு ஆங்கிலத் தேர்வு கேட்பதில்லை.

சிடிஆரில் கீழே விழுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: "நாங்கள் வடிவமைத்தோம்", "குழு சோதித்தது" என்று எழுதுவது. மதிப்பீட்டாளருக்கு உங்கள் குழுவைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை. "இந்த ஃபில்டருக்கு இந்த கட்-ஆஃப் அதிர்வெண்ணை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன், முதல் சர்க்யூட்டில் இரைச்சல் வந்தபோது கிரவுண்டிங்கை எப்படி மாற்றினேன்" என்று எழுதுங்கள். கணக்கீட்டையும் தவறிப்போன முயற்சியையும் காட்டுங்கள். ரெடிமேட் சிடிஆர் விற்பவர்கள் இணையம் முழுக்க இருக்கிறார்கள். அதே புராஜெக்ட், அதே வாக்கியம் ஏற்கெனவே பத்துப் பேர் பெயரில் போயிருக்கும். அங்கே ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் இருக்கிறது. பிடிபட்டால் நிராகரிப்போடு நிற்காது, மீண்டும் விண்ணப்பிக்கவும் தடை வரும். கல்லூரியில் நான்கு வருடம் நீங்களே செய்த வேலையை வைத்து மூன்று எபிசோட் கண்டிப்பாக எழுத முடியும். தயவுசெய்து காசு கொடுத்து வாங்காதீர்கள்.

உங்களுக்கு என் பரிந்துரை ஏசிஎஸ்தான். ஆகவே லெட்டர் விஷயத்துக்கு வருகிறேன். உண்மையான உழைப்பு இங்கேதான்.

பெரிய ஐடி நிறுவனங்கள் பெரும்பாலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி என்று மூன்று வரி கொண்ட சர்வீஸ் சர்டிபிகேட்டைத்தான் தரும். அதை வைத்து ஏசிஎஸ் எதையும் மதிப்பிட முடியாது. அவர்களுக்கு வேண்டியது: லெட்டர்ஹெட், ஆரம்ப, முடிவுத் தேதிகள், முழு நேரமா பகுதி நேரமா, எந்த நாட்டில் இருந்து வேலை பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, தொடர்பு விவரம். ஆன்சைட் போயிருந்தால் அந்த மாதங்களைத் தனியாக, நாட்டோடு எழுத வேண்டும். முதல் ஒன்றரை வருடம் டெஸ்டிங்கில் இருந்து பிறகு டெவலப்மென்டுக்கு மாறியிருந்தால் அதையும் தேதி பிரித்துக் காட்டுங்கள். மறைத்தால் பேஸ்லிப்பில் பதவிப் பெயர் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹெச்ஆர் தரவில்லை என்றால் கதவு மூடிவிடவில்லை. உங்கள் மேனேஜரோ, மூத்த சக ஊழியரோ முத்திரைத்தாளில் அஃபிடவிட் எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டுத் தரலாம். அவர் யார், உங்களோடு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த உறவில் வேலை பார்த்தார் என்பது அதில் இருக்க வேண்டும். உங்களோடு நான்கு வருடமே இருந்தவர் எட்டு வருடத்துக்கும் சாட்சி சொல்ல முடியாது. அப்போது இரண்டு பேரிடம் வாங்க வேண்டும். நீங்களே உங்களுக்கு எழுதிக்கொள்ளும் அஃபிடவிட் செல்லாது. கூடவே சர்வீஸ் சர்டிபிகேட், முதல் மாத, கடைசி மாத பேஸ்லிப், ஃபார்ம் 16 அல்லது வரிப்பிடித்த விவரம் காட்டும் 26ஏஎஸ், பிஎஃப் பாஸ்புக், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு ஆகியவற்றில் கிடைப்பதையெல்லாம் சேருங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சம்பளம் வந்ததற்கான சான்று வேண்டும். பழைய கம்பெனியின் பேஸ்லிப் போர்ட்டல் மூடிப்போயிருந்தால் வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் கிடைக்கும்.

வேலை விவரத்தை எப்படி எழுதுவது? "மென்பொருள் உருவாக்கம், சோதனை, பராமரிப்பு ஆகியவற்றில் ஈடுபட்டார்" என்ற வரியை எல்லா விண்ணப்பத்திலும் பார்க்கலாம். தொழில் குறியீட்டுப் பக்கத்தில் உள்ள விளக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டுவது இன்னும் மோசம், அது ஏற்கப்படாது. இப்படி எழுதச் சொல்லுங்கள்: "வங்கி ஒன்றின் வீட்டுக்கடன் விண்ணப்பப் பகுதிக்கான ரெஸ்ட் ஏபிஐகளை ஜாவா, ஸ்பிரிங் பூட்டில் வடிவமைத்து எழுதினார். தரவுத்தளத்தை ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றியபோது ஸ்டோர்ட் புரொசீஜர்களைத் திருத்தி எழுதினார். இளைய டெவலப்பர்கள் எழுதிய நிரலை ரிவ்யூ செய்தார்." கருவி, பணி, பொறுப்பு மூன்றும் தெரிகின்றன. ஒவ்வொரு பதவிக்கும் இப்படி ஏழெட்டு வரி இருந்தால் போதும். இல்லாத வேலையை எழுதச் சொல்லாதீர்கள். பொய்யான ஆவணம் என்று குடியேற்றத் துறை முடிவு செய்தால் 4020 விதியின்படி விசா மறுக்கப்பட்டு, மூன்று வருடத்துக்குப் பெரும்பாலான விசாக்கள் கிடைக்காமல் போகும். ஏசிஎஸ் விட்டுவிட்டதாலேயே துறையும் விட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். துறையினர் உங்கள் ஆபீஸுக்குப் போன் செய்து கேட்பதும் உண்டு.

பெயர் விஷயம் தமிழர்களுக்கே உரிய தலைவலி, ஆனால் தீர்க்கக்கூடியது. மார்க் ஷீட்டில் 'எம். முத்துக்குமார்', பாஸ்போர்ட்டில் கிவன் நேம் 'முத்துக்குமார்', சர்நேம் 'மாடசாமி', ஆபீஸ் பேஸ்லிப்பில் 'முத்துக்குமார் எம்', ஐஇஎல்டிஎஸ்ஸில் 'முத்து குமார்' என்று நடுவில் ஓர் இடைவெளி. நமக்கு நான்கும் ஒரே ஆள் என்று பார்த்தவுடனே தெரியும், ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டை மூல ஆவணமாக வைத்துக்கொள்ளுங்கள். இனி நீங்கள் நிரப்பும் எல்லாப் படிவமும், எழுதும் எல்லாத் தேர்வும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து எழுத்தாக இருக்கட்டும். பழைய ஆவணங்களுக்கு, இந்த இந்தப் பெயர்களில் உள்ள எல்லாச் சான்றும் ஒரே நபருடையவை, 'எம்' என்பது என் தந்தை மாடசாமியைக் குறிக்கும் என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று போதும். தந்தை பெயர் அச்சாகியிருக்கும் ஆவணம் ஒன்றை அதோடு சேருங்கள். இனிஷியலை விரித்து எழுதுவது பெயர் மாற்றம் அல்ல. அதற்காக அரசிதழில் விளம்பரம் கொடுக்கச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்ந்திருந்தால் திருமணப் பதிவுச் சான்றே போதுமானது.

பிசிஏ, பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: மூன்றாண்டுப் பட்டம் எல்லாமே அங்குள்ள பேச்சலர் பட்டத்துக்குச் சமமாக வரும் என்று சொல்ல முடியாது. கல்லூரியைப் பொறுத்து ஒரு படி கீழே வைக்கப்படலாம். எம்சிஏ இருந்தால் அதையும் கட்டாயம் சேர்த்துக் கொடுங்கள். மெக்கானிக்கல், சிவில் படித்துவிட்டு ஐடியில் இருப்பவர்களுக்கு ஏசிஎஸ்ஸில், படிப்புக்குப் பதில் வேலையில் கற்றதை வைத்து மதிப்பிடும் ஆர்பிஎல் என்ற வழி இருக்கிறது. ஆறு வருட அனுபவம், இரண்டு புராஜெக்ட் அறிக்கை. ஒன்று கடந்த மூன்று வருடத்துக்குள் செய்தது, மற்றது ஐந்து வருடத்துக்குள். அவர்களுடைய பி.இ. பட்டத்துக்கான 15 பாயின்ட்டை நிரூபிக்க வெட்டாசெஸ் என்ற இன்னொரு மதிப்பீட்டு அமைப்பு தரும் பாயின்ட்ஸ் டெஸ்ட் அட்வைஸ் கூடுதலாகத் தேவைப்படலாம்.

இழந்த பாயின்ட்டை எங்கே ஈடுகட்டுவது? 25 முதல் 32 வயதுவரை 30 பாயின்ட், 33 ஆனதும் 25. 2017-இல் பட்டம் வாங்கியவருக்கு இன்னும் சில வருடம்தான் கையில் இருக்கும். பி.இ.க்கு 15. ஐஇஎல்டிஎஸ்ஸில் நான்கிலும் 7 என்றால் 10, நான்கிலும் 8 என்றால் 20. திருமணமாகாதவருக்கு 10. இவற்றோடு அனுபவத்துக்கு 5 சேர்த்தால், எட்டு எடுத்தவருக்கு 80, ஏழு எடுத்தவருக்கு 70. விண்ணப்பிக்கக் குறைந்தபட்சம் 65 என்றாலும் 65-இல் அழைப்பு வரும் என்று சாஃப்ட்வேர் ஆட்கள் நம்பியிருக்கக் கூடாது. அனுபவத்துக்காக ஏங்குவதைவிட ஆங்கிலத்தில் ஏழிலிருந்து எட்டுக்கு ஏறுவதுதான் பெரிய பாய்ச்சல்.

தமிழ் தெரிந்தவருக்கு இன்னொரு ஐந்து காத்திருக்கிறது: மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றளிக்கும் நாட்டி அமைப்பு நடத்தும் சிசிஎல் தேர்வு. தமிழுக்கும் உண்டு. தலா சுமார் 300 சொற்கள் கொண்ட இரண்டு உரையாடல்களை வாய்மொழியாக இரு பக்கமும் பெயர்க்க வேண்டும். 90-க்கு 63, ஒவ்வொரு உரையாடலிலும் குறைந்தது 29. பேச்சுத் தமிழ் நன்றாக வரும் என்று தயாரிக்காமல் போகிறவர்கள் காப்பீடு, வாடகை ஒப்பந்தம், நீதிமன்றம், மருத்துவமனை என்று வரும்போது சொல் கிடைக்காமல் திணறுகிறார்கள். இரண்டு மாதம் அந்தத் துறைச் சொற்களைத் தமிழில் சொல்லிப் பழகுங்கள்.

வரிசை முக்கியம். மதிப்பீட்டு லெட்டரும் ஆங்கில ரிசல்ட்டும் அழைப்பு வரும் நாளுக்கு முன்பே கையில் இருந்து, அன்று காலாவதியாகாமலும் இருக்க வேண்டும். ஏசிஎஸ் லெட்டர் இரண்டு வருடம் செல்லும். அழைப்புக்காகக் குடியேற்றத் துறையின் ஸ்கில்செலக்ட் தளத்தில் நீங்கள் போடும் விருப்பப் பதிவான ஈஓஐயும் இரண்டு வருடம்தான். அதில் அனுபவத் தேதிகளைப் போடும்போது ஏசிஎஸ் கழித்த காலத்தை 'தொடர்புடைய வேலை அல்ல' என்று தனியாகப் பிரித்துப் போடுங்கள். எட்டு வருடத்தையும் ஒரே வரியில் போட்டால் தளம் தானாகவே 15 பாயின்ட் சேர்த்துவிடும். அந்தப் பொய்ப் பாயின்ட்டில் அழைப்பு வந்தால், விண்ணப்பத்தில் அதை நிரூபிக்க முடியாமல் விசா மறுக்கப்படும், கட்டிய பெரும் கட்டணமும் போய்விடும். அழைப்பு வந்த பிறகு 60 நாள்தான் அவகாசம். அந்த 60 நாளில் பழைய மேனேஜரைத் தேடி அலைய முடியாது. அவர் வேறு கம்பெனிக்கு மாறுவதற்கு முன், இந்த வாரமே அவரிடம் அஃபிடவிட்டைப் பற்றிப் பேசிவிடுங்கள்.